சான்றிதழ் இருக்கிறது; அமர்வின் ஒலிப்பதிவைக் கேட்டவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநலச் சிகிச்சைகள் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எங்கள் துறையினர் சி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லும் பேச்சுவழிச் சிகிச்சை, மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்களுக்கும் எவ்வளவு பயன்படுகிறது என்பதை எல்லோருக்கும் புரியும்படி எழுதியிருந்தீர்கள். அதற்கு என் நன்றி. ஆனால் கட்டுரையின் கடைசிப் பத்தியில், மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் ஒரு வார இறுதிப் பயிலரங்கில் இதைக் கற்றுக்கொண்டு உடனே பயன்படுத்தத் தொடங்கிவிடலாம் என்ற பொருள்பட ஒரு வரி இருந்தது. 18 ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளராகப் பணியாற்றி வருகிற நான் அந்த ஒரு வரிக்காகவே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நானும் அப்படியொரு இரண்டு நாள் பயிலரங்குக்குப் போனேன். நன்றாகத்தான் நடத்தினார்கள். எண்ணம், உணர்வு, உடல், நடத்தை ஆகிய நான்கும் ஒன்றையொன்று எப்படித் தூண்டுகின்றன என்ற படத்தைப் பலகையில் வரைந்தார்கள். எண்ணங்களைப் பதிவு செய்யும் படிவங்களைக் கட்டாகக் கொடுத்தார்கள். மாலையில் சான்றிதழும் வந்தது. திங்கட்கிழமை காலையே என் நோயாளிகளிடம் அதைச் செய்ய ஆரம்பித்துவிட்டேன். எனக்குத் தெரியும் என்று மனதார நம்பினேன்.

அப்போது என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர் நடுவயதுக்காரர். (அவரை யாரும் அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) திடீரென்று நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உயிர் போய்விடும்போல இருக்கும் என்று சொல்லி வந்தார். இதய மருத்துவர் இரண்டு முறை பரிசோதித்து, இதயத்தில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். பீதி நோய் என்று கண்டறிவதில் சிரமம் இருக்கவில்லை. நான் அவருக்கு மெதுவாக மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தேன். பயம் வரும்போதெல்லாம் நான்கு எண்ணி உள்ளிழுத்து ஆறு எண்ணி வெளியே விடச் சொன்னேன். படிவங்களை நிரப்பி வரச் சொன்னேன். வாரம் தவறாமல் வந்தார், படிவங்களை ஒழுங்காக நிரப்பினார், ‘பரவாயில்லை மேடம்’ என்றார். நான்கு மாதம் இப்படியே போனது. ஒருநாள் ஆட்கள் நெருக்கியடித்த லிஃப்டில் சிக்கி, எண்ணி மூச்சுவிட முடியாமல், இடையிலேயே இறங்கி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியிருக்கிறார். அன்றிலிருந்து லிஃப்டில் ஏறுவதையே விட்டுவிட்டார்.

அந்த ஆண்டுதான், பணியில் இருக்கும் மனநலப் பணியாளர்களுக்கான ஓராண்டு முதுநிலைப் பயிற்சியில் எனக்கு இடம் கிடைத்தது. அங்கே வாரந்தோறும் மேற்பார்வை உண்டு. நோயாளியின் சம்மதத்தோடு அமர்வை ஒலிப்பதிவு செய்து கொண்டுபோக வேண்டும். மேற்பார்வையாளர் அதை நம்மோடு உட்கார்ந்து கேட்பார். நான் கொண்டுபோன முதல் பதிவு இவருடையதுதான். பத்து நிமிடம் போல ஓடியதும் மேற்பார்வையாளர் பதிவை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘மூச்சை எண்ணாமல் விட்டிருந்தால் தனக்கு என்ன ஆகியிருக்கும் என்று அவர் நினைக்கிறார்?’

எனக்குத் தெரியவில்லை. நான்கு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அதைக் கேட்டிருக்கவில்லை. அடுத்த வாரம் கேட்டேன். ‘செத்துப் போயிருப்பேன் மேடம். நீங்க சொல்லிக்கொடுத்த அந்த மூச்சுதான் என்னை இதுவரைக்கும் காப்பாத்திட்டு வருது’ என்றார், நன்றியோடு.

அந்த நன்றியைக் கேட்டு நான் பட்ட வேதனையை இன்றும் மறக்கவில்லை. பீதி நோயாளி, உடலில் இயல்பாக எழும் படபடப்பையும் தலைச்சுற்றலையும் வரப்போகும் மரணத்தின் அறிகுறியாகப் படிக்கிறார். அந்த வாசிப்பு பயத்தைக் கூட்டுகிறது, பயம் படபடப்பைக் கூட்டுகிறது, சுழற்சி முறுக்கேறுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986ஆம் ஆண்டில் வெளியிட்ட விளக்கம் இது. இன்றைய பீதி நோய்ச் சிகிச்சை பெரிதும் இதன் மேல்தான் நிற்கிறது. தண்ணீர் பாட்டிலைக் கூடவே வைத்துக்கொள்வது, சுவரைப் பிடித்துக்கொள்வது, மூச்சைக் கட்டுப்படுத்துவது என்று நோயாளி தன்னைக் காத்துக்கொள்ளச் செய்கிற ஒவ்வொன்றும், ‘இதைச் செய்ததால்தான் பிழைத்தேன்’ என்ற முடிவுக்கு அவரைத் தள்ளி, பயம் பொய் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. எங்கள் துறையில் இவற்றைப் பாதுகாப்பு நடத்தைகள் என்போம். நான் சிகிச்சை என்று நினைத்து அவருக்குக் கொடுத்தது இன்னொரு பாதுகாப்பு நடத்தை. கிளார்க்கின் சுழற்சிப் படம் பயிலரங்கில் எனக்குக் கொடுத்த காகிதக் கட்டிலும் இருந்தது. நான் அதைப் படித்தும் இருந்தேன். படித்ததை எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதரிடம் பொருத்திப் பார்க்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளர் முதலில் என்னையே எழுந்து நிற்கச் சொல்லி, தானும் கூட நின்று, இரண்டு நிமிடம் வேகவேகமாக ஆழமாக மூச்சுவிட வைத்தார். விரல் நுனி மரத்தது, உதட்டில் எறும்பு ஊறுவது போல் கூசியது, அறை சற்றுத் தள்ளிப்போனது போல இருந்தது. அது எதுவும் ஆபத்தல்ல என்று அறிந்திருந்த எனக்கே நிறுத்திவிடத் தோன்றியது. நோயாளியை நான் என்ன செய்யச் சொல்லப் போகிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உடம்பில் உறைத்தது. இதயநோய், வலிப்பு, கர்ப்பம் போன்ற நிலைகளில் இருப்பவர்களிடம் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது என்பதையும், அதை முதலில் எப்படி விசாரித்து உறுதிசெய்ய வேண்டும் என்பதையும் அதே மணிநேரத்தில் கற்றேன். அடுத்த அமர்வில் அவரும் நானும் சேர்ந்து அதைச் செய்தோம். ‘இதேதான் மேடம், இதேதான்’ என்று நாற்காலியின் கையைப் பிடித்தார், பிடியை விடச் சொன்னேன், விட்டார். எண்ணவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை, எதையும் செய்யவில்லை. சில நிமிடங்களில் எல்லாம் தானாக அடங்கியது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வாரம் இருவருமாக லிஃப்டுக்குப் போனோம்.

இந்தச் சிகிச்சை எளிமையானதாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவராக இருந்த ஏரன் பெக், 1960களில், தாம் கற்ற உளப்பகுப்பாய்வின்படி மனச்சோர்வை ஆராயப் போய், நோயாளிகளின் மனதில் கணத்துக்குக் கணம் ஓடும் எதிர்மறை எண்ணங்களைக் கவனித்து, அவற்றை நோயாளியோடு சேர்ந்தே சோதித்துப் பார்க்கும் முறையை உருவாக்கினார். 1979இல் அவரும் உடன் பணியாற்றியவர்களும் மனச்சோர்வுக்கான சிகிச்சையை அமர்வு அமர்வாக விளக்கும் கையேட்டையே வெளியிட்டார்கள். கையேடு இருக்கிறது, படிவங்கள் இருக்கின்றன, அமர்வுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆகவே படித்தவர் எவரும் செய்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அந்தக் கையேட்டைத் தந்த பெக்கே, அவருடன் பணியாற்றிய ஜெஃப்ரி யங்குடன் சேர்ந்து, 1980இல் சிகிச்சையாளரின் திறனை அளக்கும் ஓர் அளவுகோலையும் உருவாக்கினார். அதில் 11 கூறுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 6 மதிப்பெண் வரை, மொத்தம் 66. அமர்வின் பதிவை முழுவதுமாகக் கேட்டுவிட்டுத்தான் மதிப்பெண் போட வேண்டும். நோயாளியோடு சேர்ந்து நிகழ்ச்சிநிரல் வகுத்தாரா, சொன்னதைச் சரியாகப் புரிந்துகொண்டாரா, கேள்விகளால் கண்டுபிடிக்க விட்டாரா அல்லது வாதாடி ஒப்புக்கொள்ள வைத்தாரா, மையமான எண்ணத்தைப் பிடித்தாரா, வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியை ஏன் எதற்கு என்று பேசிக் கொடுத்தாரா என்றெல்லாம் அது பார்க்கிறது. ஆய்வுகளில் சிகிச்சை தரத் தகுதியானவர் என்று கொள்ள வழக்கமாக 40 மதிப்பெண் வேண்டும். முதல் தடவை என் பதிவுக்கு அதைவிட வெகுவாகக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்தது. கேள்வி கேட்கிறேன் என்ற பெயரில் நான் அவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தேன் என்பதை என் குரலிலேயே கேட்டேன்.

நல்லவேளையாக, இது என் ஒருத்தியின் குறை என்று நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், பல்வேறு மனநலத் தொழில்களைச் சேர்ந்த 129 சிகிச்சையாளர்களிடம், தம்மையொத்தவர்களோடு ஒப்பிட்டுத் தம் திறனை மதிப்பிடச் சொன்னார்கள். தன்னைச் சராசரிக்குக் கீழே வைத்துக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை; கால்வாசிப் பேர் தம்மை முதல் பத்து விழுக்காட்டில் வைத்துக்கொண்டார்கள். நம் திறனை நாமே அளக்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு, 2005இல், போதைப்பொருள் சார்பு கொண்டவர்களோடு பணியாற்றும் 78 பேரை வைத்து நடந்த ஓர் அமெரிக்க ஆய்வு வெளியானது. ஒரு குழுவினருக்குக் கையேடு மட்டும். இன்னொரு குழுவினருக்குக் கையேட்டோடு இணையவழிப் பயிற்சி. மூன்றாவது குழுவினருக்குக் கையேடு, நேரடிப் பயிலரங்கு, அதன்பின் அவர்களின் அமர்வுப் பதிவுகளைக் கேட்டுத் திருத்தும் மேற்பார்வை. திறனில் கையேடு மட்டும் படித்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறியவர்கள் மூன்றாவது குழுவினர். இணையவழிக் குழு இரண்டுக்கும் இடைப்பட்டு நின்றது. கையேடு மட்டும் போதாது என்று அன்றே தெரிந்துவிட்டது. இருந்தும் இன்றுவரை நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி கையேடும் ஒரு வார இறுதியும்தான்.

முறையான முதுநிலைப் பயிற்சியில் என்ன இருக்க வேண்டும் என்பதும் புதிர் அல்ல. பிரிட்டனில் இத்துறையின் தொழில்முறைச் சங்கம் வகுத்திருக்கும் குறைந்தபட்சத் தரத்தின்படி, ஏற்கெனவே மனநலத் தொழிலில் தகுதி பெற்ற ஒருவர் மேற்கொண்டு 450 மணிநேரம் பயில வேண்டும். மேற்பார்வையின் கீழ் 200 மணிநேரம் நோயாளிகளுக்குச் சிகிச்சை தர வேண்டும். குறைந்தது எட்டு பேருக்குத் தொடக்கம் முதல் முடிவு வரை சிகிச்சை அளித்து, அவர்களில் மூவரின் சிகிச்சையையாவது நேரடியாகவோ பதிவுகள் மூலமாகவோ மிக நெருக்கமான மேற்பார்வைக்கு உட்படுத்த வேண்டும். கவனிக்க வேண்டியது, இவை தொடக்கநிலை மாணவர்களுக்கான எண்கள் அல்ல. பல ஆண்டுகள் வார்டில் பணியாற்றிய செவிலியருக்கும், மருந்து எழுதிப் பழகிய மனநல மருத்துவருக்கும் இதே கணக்குத்தான். அனுபவம் உள்ளவருக்குச் சில பழக்கங்களை விடுவதே பெரும் வேலையாக இருக்கிறது. ஆறுதல் சொல்லிப் பழகியவர், கை கழுவியபடியே ‘அழுக்கு போய்விட்டதுதானே?’ என்று நாளெல்லாம் கேட்கும் ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் ஒரே செயலும் திரும்பத் திரும்ப வற்புறுத்தும் நோய்) நோயாளிக்கு ‘போய்விட்டது, கவலைப்படாதீர்கள்’ என்று அன்பாகச் சொல்லிவிடுவார். அந்த அன்பான பதிலும் நோயின் சடங்கில் ஒரு பகுதியாகிவிடுகிறது. அதைச் சொல்லாமல், அதே சமயம் கல்நெஞ்சக்காரராகவும் தோன்றாமல், அந்தப் பதற்றத்தில் அவரோடு கூட இருப்பது எப்படி என்பதை யாராவது நம் பக்கத்தில் இருந்து கற்றுத்தர வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும் என்பது எனக்குத் தெரியும். நோயாளிகள் ஏராளம், பயிற்சி பெற்றவர்கள் சொற்பம்; இப்படி ஓராண்டு, 450 மணிநேரம் என்று பேசினால் சிகிச்சை யாருக்குக் கிடைக்கும்? அதோடு, குறுகிய பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்களே இதைச் செய்து காட்டியிருக்கிறார்களே என்றும் கேட்கலாம். உண்மைதான். மனநல மருத்துவர் ஆதிஃப் ரஹ்மானும் அவர் குழுவினரும் பாகிஸ்தானின் கிராமப்புறத்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வுற்ற தாய்மார்களை வீடு தேடிச் சென்று பார்க்கும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கே சி.பி.டி.யின் அடிப்படைகளைக் கற்றுத்தந்தார்கள். குழந்தை பிறந்து ஆறு மாதத்தில், அந்தச் சிகிச்சை பெற்ற தாய்மாரில் 23 விழுக்காட்டினருக்கு மட்டுமே மனச்சோர்வு நீடித்தது. மற்ற தாய்மாரில் அது 53 விழுக்காடு. நான் பெரிதும் மதிக்கும் ஆய்வு இது. ஆனால் அந்தப் பணியாளர்கள் செய்தது ஒரே ஒரு நோய்க்கு, ஒரே வகைத் தாய்மாருக்கு, படி படியாக வகுக்கப்பட்ட ஒரே திட்டம். பயிற்சி முடிந்ததும் அவர்களைத் தனியே விட்டுவிடவில்லை. தொடர்ந்து மேற்பார்வை நடந்தது. பயிற்சி சுருங்கியபோதும் மேற்பார்வை விடுபடவில்லை என்பதைத்தான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மேலும், அத்தகைய பணியாளர்களால் தீர்க்க முடியாதவர்கள், அதாவது பல நோய்கள் பின்னிக் கிடப்பவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், ஏற்கெனவே இரண்டு இடத்தில் சிகிச்சை எடுத்துப் பலன் காணாதவர்கள், வந்து நிற்பது எங்களைப் போன்றவர்களின் வாசலில்தான். அந்தப் பணியாளர்களை மேற்பார்வையிட வேண்டியவர்களும் நாங்கள்தான். மேற்பார்வையிடுபவரே பயிற்சி பெறாதவராக இருந்தால் என்ன ஆகும்?

பெரும் எண்ணிக்கையில் சிகிச்சையாளர்களை உருவாக்கிக் காட்டிய நாடும் உண்டு. 2008இல் இங்கிலாந்தில் தொடங்கிய பேச்சுவழிச் சிகிச்சைத் திட்டத்தில், பயிற்சி பெறுவோர் ஓராண்டுக் காலம் வாரத்தின் சில நாட்கள் பல்கலைக்கழகத்திலும் மற்ற நாட்கள் சிகிச்சை மையத்திலும் இருந்தார்கள். அந்த ஆண்டு முழுவதும் சம்பளத்தோடு. இதைத்தான் நம் நிர்வாகங்கள் மறந்துவிடுகின்றன. என்னோடு படித்த செவிலியர் ஒருவர், இரவுப் பணி முடித்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்து, கண் சொக்க உட்கார்ந்திருப்பார். சொந்தச் செலவு, சொந்த விடுப்பு. படிப்பு முடித்துத் திரும்பியபோது அவருக்குக் கிடைத்தது பழைய பணிப்பட்டியல்தான். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்தில் ஒருவரது பயத்தை வெளியே எடுத்துச் சோதித்துப் பார்க்க முடியாது. படிவத்தைக் கொடுத்து அனுப்பத்தான் முடியும். பயிற்சி பெற்றவர்கள்கூட நாளடைவில் சிகிச்சையின் கடினமான பகுதிகளை, முக்கியமாகப் பயத்தை எதிர்கொள்ளச் செய்யும் பகுதிகளை, மெல்ல மெல்லக் கைவிட்டு வெறும் பேச்சுக்குத் திரும்பிவிடுவதை பிரிட்டிஷ் உளவியலாளர் க்ளென் வாலர் 2009இல் விரிவாக எழுதினார். களைத்த சிகிச்சையாளரும், வற்புறுத்தப்படாத நோயாளியும், கேள்வி கேட்காத நிர்வாகமும் சேர்ந்தால் அப்படித்தான் ஆகும். ஆகவே பயிற்சிக்கு ஆள் அனுப்பும் நிறுவனங்கள், அவர் திரும்பி வந்தபின் அவருக்கு முழு அமர்வுக்கான நேரத்தையும், மாதத்துக்குச் சில மணிநேர மேற்பார்வையையும் எழுத்துப்பூர்வமாக உறுதி செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

மொழி பற்றியும் ஒரு சொல். நாங்கள் படித்ததெல்லாம் ஆங்கிலத்தில். நோயாளி பேசுவது தமிழில். ‘உங்களுக்கு என்ன எண்ணம் வந்தது?’ என்று பாடப்புத்தகத்தை மொழிபெயர்த்துக் கேட்டால், ‘எண்ணமெல்லாம் ஒண்ணும் வரலைங்க, நெஞ்சு அடைச்சுது’ என்பார்கள். ‘அந்த நேரத்துல மனசு என்ன சொல்லுச்சு?’ என்று கேட்டால் அதே மனிதர் கொட்டித் தீர்த்துவிடுவார். இந்த வேறுபாட்டை எந்தக் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. தமிழில் நடந்த அமர்வின் பதிவைத் தமிழ் தெரிந்த மேற்பார்வையாளர் கேட்டதால் தெரியவந்தது. முதுநிலைப் பயிற்சிகளை வடிவமைப்பவர்கள், சிகிச்சை எந்த மொழியில் நடக்கிறதோ அந்த மொழியிலேயே மேற்பார்வையும் மதிப்பீடும் நடக்க வழிசெய்ய வேண்டும். ஆங்கிலத்தில் சுருக்கி எழுதிய குறிப்பை வைத்து ஒரு தமிழ் அமர்வை மதிப்பிட முடியாது.

சிறு பயிலரங்குகளே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓர் அறிமுகமாகவும், பயிற்சி பெற்றவர் புதிதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளவும் அவை தேவை. அதன் முடிவில் கொடுக்கும் தாளில் ‘சிகிச்சையாளர்’ என்ற சொல் இடம்பெறுவதுதான் எனக்கு அச்சம் தருகிறது. நோயாளிகள் அந்தச் சொல்லை நம்பித்தான் கதவைத் தட்டுகிறார்கள்.

தங்கள் கட்டுரைக்குத் தொடர்ச்சியாகப் பயிற்சி நிலையங்களின் பட்டியல் ஒன்றை வெளியிடப்போவதாக அறிவித்திருந்தீர்கள். அதில் கட்டணத்தோடும் கால அளவோடும் இன்னும் சில விவரங்களையும் கேட்டு வாங்கி அச்சிடுமாறு வேண்டுகிறேன்: பயிற்சியில் எத்தனை மணிநேரம் மேற்பார்வை, எத்தனை நோயாளிகளுக்கு முழுச் சிகிச்சை அளிக்க வேண்டும், அமர்வுப் பதிவுகளைக் கேட்டு மதிப்பிடுபவர் யார், தேறாதவருக்குச் சான்றிதழ் மறுக்கப்படுமா. கடைசிக் கேள்விக்கு ‘எல்லோருக்கும் கொடுத்துவிடுவோம்’ என்று பதில் வந்தால், அதையும் அப்படியே அச்சிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்